சின்ன விரலில் சுற்றிய தங்கூசி

பள்ளிமுனையில் இருக்கிறோம். கணவர் கடலால் வந்ததும் முற்றத்தில் வலையை விரித்து நண்டு கழற்றுவது என் வேலை. மகள் அந்த வலையைப் பிடித்துப் பிடித்துத்தான் நடை பழகினாள்.

ஒரு காலை, நடந்துகொண்டிருந்தவள் திடீரென்று உட்கார்ந்து அழுதாள். தூக்கி நிறுத்தினால் காலை ஊன்றவில்லை.

“ஆஸ்பத்திரிக்குப் போவம்” என்றேன்.

கணவரின் அக்கா, என் மச்சாள், சிரித்தார். “பிள்ளை தும்மினாலும் உனக்கு ஆஸ்பத்திரிதான். சுளுக்கியிருக்கும், எண்ணெய் போடு.”

நான் எதற்கும் பயப்படுகிற ஆள். போன கிழமையும் வீணாக ஓடியிருந்தேன். அந்த வெட்கத்தில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தேன். அவள் இன்னும் கத்தினாள்.

மத்தியானம் குளிப்பாட்டும்போது காலில் ஒட்டியிருந்த மண் கழன்றது. சின்ன விரல் வீங்கிக் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. ஈரப் பிள்ளையோடு ஓட்டோவில் ஏறினேன். மச்சாளும் கூட வந்தார். வழியெல்லாம் அவர் செபம் சொன்னார்.

டாக்டர் வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். வலையிலிருந்து அறுந்த தங்கூசி, அந்த மெல்லிய நைலோன் நூல், விரலைச் சுற்றி, சதைக்குள் புதைந்திருந்தது. கண்ணுக்கே தெரியாத நூல். மெதுவாக வெட்டி எடுத்தார்.

“விரல் போயிடுமோ, ஐயா?” என்று கேட்டேன்.

“இரத்தம் ஓடுது, பயப்படாதேங்கோ. பின்னேரம் வரை விட்டிருந்தா மிஞ்சியிராது.”

இப்போது அவள் ஓடித் திரிகிறாள். வலை விரித்தால் அவளை முற்றத்தில் விடுவதில்லை. அழுதால் முதலில் காலைக் கழுவி, விரல்களைப் பிரித்துப் பார்க்கிறேன். வலை உள்ள வீட்டுத் தாய்மாரும் அப்படிச் செய்யுங்கள். இதை எழுதும்போதும் இடையில் எழும்பிப்போய் அவள் விரல்களை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன்.