நோட்டில் இல்லாத ஒரு நாள்

அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கும் அவளுக்கு 'முதல் வரி மேடம்' என்று பட்டப்பெயர். மென்பொருள் ஏற்றும்போது ஏதாவது உடைந்தால் எல்லோரும் திரையின் கடைசி வரியைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். "கடைசி வரி வெறும் ஒப்பாரிங்க. முதல்ல எது அழுதுச்சுன்னு பாருங்க" என்பாள் அவள். இன்னொரு பிடிவாதம், நோட்டு. எந்த மெஷினில் எதை ஏற்றினாலும் தேதி போட்டு எழுதியாக வேண்டும். எழுதாதவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

அன்று காலையும் ஒருவரை அப்படித்தான் ஆக்கியிருந்தாள். சேர்ந்து இரண்டு மாதமே ஆன, நாற்பதைத் தாண்டிய மனிதர். முந்தின நாள், ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் யூனிக்ஸ் சர்வரில் புதுப் பதிப்பை ஏற்றப்போய்ப் பழையதை எடுத்துவிட்டார். புதியதோ பாதியிலேயே பிழை காட்டி நின்றுவிட்டது. எதையெல்லாம் தொட்டார் என்று நோட்டில் ஒரு வரி இல்லை. கீழே ரிப்போர்ட்டுகளைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். வரிசை வாசலைத் தாண்டிவிட்டது.

"சரியானாலும் சரி, ஆகலைன்னாலும் சரி, நாளையிலேர்ந்து இவரு வர வேண்டாம்" என்றார் மேலாளர், அந்த மனிதர் காதுபடவே. அவரோ போன் சார்ஜரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

நானூறு வரிப் பிழையை மேலே தள்ளிக்கொண்டே போய் முதல் வரியைப் பிடித்தாள். மென்பொருள் துணைக்கு எடுத்துக்கொள்ளும் 'லைப்ரரி' கோப்பு ஒன்றில், இருக்க வேண்டிய ஒரு ஃபங்ஷன் இல்லையாம். ஆனால் அந்த லைப்ரரியின் புதுப் பதிப்பை அவர் ஒழுங்காகத்தான் ஏற்றியிருந்தார். அப்படியானால் மெஷின் வேறு எதையோ எடுக்கிறது. தேடினாள். இன்னொரு ஃபோல்டரில், அதே பெயரில், யாரோ கையால் போட்ட பழைய லைப்ரரி ஒன்று சட்டமாக உட்கார்ந்திருந்தது. மெஷின் முதலில் அதைத்தான் எடுக்கும். பழைய பதிப்புக்கு அது போதுமாக இருந்தது, புதியதற்குப் போதவில்லை. தேதி, ஆறு வருஷத்துக்கு முந்தையது. போட்டவர் பெயர், அவளுடைய லாகின்.

நோட்டைப் புரட்டினாள். முந்தின நாள் இருந்தது, மறுநாள் இருந்தது. அந்த நாள் மட்டும் இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்த நாள் அது. அவசரத்துக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று ஓடியிருந்தாள்.

சத்தமில்லாமல் அழித்துவிட்டால் ஈ காக்காய்க்குத் தெரியாது. விரல் கொஞ்ச நேரம் கீபோர்டின்மேல் அப்படியே நின்றது. பிறகு, அழிக்காமல், மெஷின் கண்ணில் படாதபடி அந்தப் பழைய கோப்பின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினாள். வரிகள் ஓடின, நிற்கவேயில்லை. கால் மணி நேரத்தில் கீழேயிருந்து போன் வந்தது. "மேடம், ரிப்போர்ட் வருது!"

"அப்பாடா" என்றார் மேலாளர். "அப்படி என்னத்தைத்தான் கெடுத்து வச்சிருந்தாரு இவரு?"

அந்த மனிதர் பையைத் தோளில் மாட்டிவிட்டார். அவள் பேனாவை எடுத்து, நோட்டில் இரண்டு தேதிகளுக்கு நடுவே இருந்த இடுக்கில் அந்த நாளைப் போட்டாள். ஒரு வரி எழுதினாள். கையெழுத்தும் போட்டு மேலாளர் முன் தள்ளினாள்.

"இவரு எதையும் கெடுக்கலை சார். கெடுத்தது நான். படிங்க."

பிறகு அந்த மனிதரைப் பார்த்தாள். "பையைக் கீழ வைங்க. நாளைக்கு நான் வரணுமா வேண்டாமான்னு சார் சொல்லட்டும்."