அப்பாவின் உடம்பு வாகு

பெரியப்பா மகளுக்கும் எனக்கும் ஒரே வயது, எட்டு. அவளுடைய அப்பாவால் அவளைத் தோளில் தூக்க முடியும்; என் அப்பாவால் முடியாது. அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்காது.

இத்தனைக்கும் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வேலைதான். கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளிருக்கும் ஈயத்தை உருக்குவார்கள். பத்து வருஷமாக ஒரே உலை, ஒரே புகை. பெரியப்பா காளை மாதிரி இருந்தார். அப்பாவுக்கோ வயிறு சுருட்டிச் சுருட்டி வலிக்கும். பிறகு வலது மணிக்கட்டும் தொங்கிப்போனது; சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுவாள். அண்ணனுக்கு வராத நோவு தம்பிக்கு எப்படி வரும், எல்லாம் வேலைக் கள்ளம் என்று உறவில் பேசிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் அவிநாசித் தேருக்குப் போனோம். அவள் பெரியப்பா தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தாள். நான் ஜனங்களின் முதுகைப் பார்த்தேன். அவளை இறக்கிவிட்டு என்னைத் தூக்க வந்தார் பெரியப்பா. நான் விலகிக்கொண்டேன்.

"உங்களுக்கு மட்டும் அந்த நோவு ஏனுங்க பெரியப்பா வரலை?"

நீட்டிய கை அப்படியே நின்றது.

அடுத்த வாரம் அவரே அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், தன் ரத்தத்தையும் சோதிக்கக் கொடுத்தார். இருவர் ரத்தத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு ஈயம். சிலர் உடம்பு பிறப்பிலேயே அதைத் தாங்காது, இருவருமே அந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்றாராம் டாக்டர். விட்டார்கள். அப்பாவின் கை ஓரளவு திரும்ப ஒரு வருஷம் ஆனது.

அதற்கு நடுவில் என்னையும் ஒருநாள் அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "சட்டையில ஒட்டி ஈயத்தூசி ஊட்டுக்கும் வந்திருக்குமுங்க. அப்பா உடம்பு வாகு பாப்பாவுக்கும் இருக்கலாம். பாத்துரலாமுங்க." முதலில் எனக்கு, பெரியப்பா மகளுக்கு இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

எனக்கு முதலில், அவளுக்கு அப்புறம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊசி ஏறும்போது நான் அழவேயில்லை. அப்பாதான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு ஆபத்து ஒன்றுமில்லை என்று முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் அம்மாவும் அப்பாவும் ஏன் சரியாகச் சாப்பிடவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை. கையில் ஒட்டிய பஞ்சை அவளிடம் காட்டி, எனக்கு அப்பா மாதிரியே உடம்பாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் முதன்முறையாகப் பொறாமை தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில், என் அப்பாவுக்கு ஊசி என்றால் எவ்வளவு பயம் என்பதையும் சொல்லிச் சிரித்தேன்.