ஆல்வினின் மூன்றாவது தாள்

"சிஸ்டர், சாப்பாட்டு லிஸ்டுல உங்க பேருக்கு நேரா ஒண்ணுமே இல்ல. வேணாமா, இல்ல உங்கள யாரும் கேக்கவே இல்லையா?"

இதைக் கேட்பதற்காகவே ஆல்வின் டிரீன் இரண்டு மாடி இறங்கி வந்திருந்தார். நான் ஒருவரின் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்றேன். கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, நிம்மதியாக மேலே போனார்.

பர்னி என்ற துறைமுக ஊரில் உள்ள எங்கள் முதியோர் இல்லத்தில் கணினித் தகவல்களைப் பார்த்துக்கொள்பவர் அவர். யார் என்ன சாப்பிட்டார்கள், யார் விழுந்தார்கள், யாருக்கு என்ன மருந்து என்று நாங்கள் தட்டி வைப்பதெல்லாம் அவரிடம் போய்ச் சேரும். கேட்டால் தேடித் தருவார். ஐம்பத்திரண்டு வயது. முன்பு காகித ஆலையின் உதிரிபாகக் கிடங்கில் இதே வேலை. ஆலை மூடிப் பல வருடமாகியும் அதன் ஆரஞ்சு மேலங்கியை விடவில்லை. வெள்ளிக்கிழமை தின்னும் 'ஸ்காலப் பை' என்கிற சிப்பிக்கறிப் பணியாரத்தை ஓரமாகச் சுற்றிச் சுற்றிக் கடித்து, நடுவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பார். தொலைபேசி அடித்தால் கழிப்பறைக்குப் போய்விடுவார்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டால், "செவ்வாக்கிழமை நல்லா இருந்தாங்க. அதுக்கப்புறம் நான் கேக்கல" என்பார். சமையலறை ரோவீனா விடமாட்டாள். "ஏம்ப்பா, உனக்குக் கல்யாணம் ஆச்சான்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"ஆகல. இது நல்லா விசாரிச்ச பதில்."

காலிக் கட்டத்தை 'இல்லை' என்று யாராவது படித்தால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். ஆலையில் ஒருமுறை அப்படிப் படித்துவிட்டு, அலமாரியிலேயே இருந்த ஒரு பேரிங்குக்காக மூன்று நாள் இயந்திரத்தை நிறுத்தி வைத்தார்களாம். "யாரும் எட்டிப் பாக்கல. அவ்ளோதான் அதுக்கு அர்த்தம்."

எனக்கு இந்தப் பேச்சு அலுப்பாகத்தான் இருந்தது, போன ஆகஸ்ட் வரைக்கும்.

அப்போது கிழக்குப் பிரிவில் பதினாறு பேருக்குச் சளி நெஞ்சில் இறங்கியிருந்தது. டாக்டர் பெனிசிலின் வகை மாத்திரை எழுதினார். மதியம் இரண்டு மணிக்கு மருந்து கொடுக்கும் சுற்றில் தொடங்க வேண்டும். அது யார் யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று எங்கள் மேலாளர் கெரின் ஆல்வினிடம் கேட்டாள். அவர் மூன்று தாள்களோடு வந்தார். ஒத்துக்கொள்ளாதவர்கள் இரண்டு பேர். ஒத்துக்கொள்பவர்கள் பத்துப் பேர். மூன்றாவது தாளில் நான்கு பேர். அவர்களுக்குக் கட்டம் காலி.

"காலின்னா ஒண்ணும் இல்லைன்னுதானே, ஆல்வின்? நேரமாவுது."

"காலின்னா யாரும் கேக்கலன்னு அர்த்தம், கெரின்."

"நீ என்ன டாக்டரா?"

"இல்ல. அதான் கேக்கச் சொல்றேன்."

மணி ஒன்று பத்து. தாளை நான் வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பெயர் தெல்மா ராட்ஃபர்ட். மார்ச்சில் அவரை ஆம்புலன்ஸிலிருந்து இறக்கி, விவரங்களைப் பதிந்தது நான்தான். பாதியில் யாரோ குளியலறையில் விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். மீதியை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டது, விட்டதுதான்.

தெல்மாவிடம் கேட்டுப் பயனில்லை. வயது எண்பத்து மூன்று. பக்கவாதத்துக்குப் பிறகு எதற்கும் ஒரே பதில்தான். பெனிசிலின் ஒத்துக்குமா? "ஆமா கண்ணு." ஒத்துக்காதா? "ஆமா கண்ணு."

வீட்டாரைத்தான் கூப்பிட வேண்டும். ஆல்வின் எண்களை எடுத்தார். அதிசயமாக அவரே டயல் செய்தார். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியதும் சுடுபாத்திரத்தைத் தருவதுபோல் ரிசீவரை என் கையில் தள்ளினார். முதல் மூன்று பேருக்குச் சிக்கலில்லை. தெல்மாவின் மகன் டிரெவர் சிங்கி இறால் படகில் இருந்தான். ஐந்தாம் முறைதான் எடுத்தான். காற்றுக்கு மேலே கத்தினான்.

"பெனிசிலினா? ஐயையோ, குடுத்துடாதீங்க! நான் சின்னப்பையனா இருக்கப்ப அம்மாவுக்கு ஒருக்கா குடுத்து, தொண்டை அடைச்சு, நாலு நாள் ஆஸ்பத்திரியில மூச்சுக்குத் திணறுனாங்க. உங்ககிட்ட யாருமே சொல்லலையா?"

"நாங்க கேக்கல" என்றேன்.

மணி ஒன்று நாற்பத்தெட்டு. டாக்டரிடம் சொல்லித் தெல்மாவுக்கு வேறு மாத்திரை வாங்கினேன். அப்படித் தொண்டை அடைத்த ஒருவரை என் பயிற்சிக் காலத்தில் பார்த்திருக்கிறேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு வாரத்தில் தெல்மாவுக்குச் சளி விட்டது. இன்றைக்குக் காலையிலும் நான்தான் அவருக்குத் தலை வாரிவிட்டேன்.

கெரினிடம் நானே போய், கட்டத்தை விட்டது நான் என்று சொன்னேன். திட்டினாள். நியாயம்தான்.

பிறகு மாடியேறி ஆல்வினிடம் போனேன். யார், என்றைக்கு, எந்த நிமிடம் பதிந்தார்கள் என்பது அவர் திரையில் தெரியும். பெயர்களைத் தேடி எடுத்தபோதே என் பெயரைப் பார்த்திருப்பார். "தெல்மா விஷயத்துல தப்பு என்னுது, ஆல்வின். நீங்க கேட்டதால அந்தம்மா பொழைச்சாங்க. ரொம்ப நன்றி."

அவர் தெல்மாவின் பக்கத்தைத் திரையில் திறந்தார். அந்தக் கட்டம் அப்போதும் காலியாகத்தான் இருந்தது. எழுந்து நின்று, தன் நாற்காலியை என் பக்கம் திருப்பி, விசைப்பலகையைக் காட்டினார்.