கல் இடுப்பில் சாவிக்கொத்து

கோட்டைத் தேவாலயத்தில், கல்லறைமேல் கல்லாய்ப் படுத்திருந்த சிற்றரசியின் இடுப்பில் சாவிக்கொத்தும் செதுக்கியிருந்தார்கள். மகள் பக்கத்திலிருந்த பலகையை வாசித்துச் சொன்னாள்: தம்பி வளரும்வரை அவள்தான் நாட்டை ஆண்டாளாம், வளர்ந்ததும் அவளைக் கன்னியர் மடத்துக்கு அனுப்பிவிட்டார்களாம்.

என் காதில் அக்காவின் சாவிகள் கிலுங்கின. வுப்பர்டால் நகரில் அப்பா செத்தபிறகு அம்மா வேலைக்குப் போக, பள்ளிக்கூடப் பிள்ளையாயிருந்த அக்காதான் வீட்டை ஆண்டார். மழையில் நனைந்த மேலங்கியைக் கழற்றாமலே சோறு வடிப்பார். அலுவலகங்களில் நேரம் குறித்துத் தரும் டெர்மின் எல்லாவற்றுக்கும் அவரே போவார். நான் வளர்ந்ததும் அம்மா, "இனித் தம்பி பாப்பான்" என்றார். அக்கா சாவிகளை என் கையில் வைத்துவிட்டு ஹனோவர் நகருக்குப் போனார்.

"அந்தத் தம்பி அக்காவை மறிக்கேல்லையோ, அப்பா?"

"இல்லைப் பிள்ளை. அவன் அண்டைக்கே தன்ரை கட்டிலை அக்காவின்ரை அறைக்குள்ளை இழுத்துப் போட்டவன்."