மருமகனுக்காக வாங்கிய சமையல் புத்தகம்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியேறுவார். வந்த முதல் வாரங்களில் மாமியார் சமைப்பதுதான் ஊர்ப்பேச்சு. என்ன சமைத்தாள், மாப்பிள்ளை எத்தனை தரம் போட்டுச் சாப்பிட்டார் என்பதெல்லாம் அடுத்த தெரு வரைக்கும் போகும். ஓய்வு பெறும்வரை சாய்ந்தமருதில் மனைப்பொருளியல் படிப்பித்தவள் நான். என் மகளின் கல்யாணத்துக்கு முன்பே பட்டியல் போட்டு வைத்திருந்தேன். முதல் நாள் மாட்டிறைச்சிப் புரியாணி, இரண்டாம் நாள் இறால், மூன்றாம் நாள் நாட்டுக்கோழி ஆணம்.

மருமகன் பாலமுனைக்காரர். விவசாயத் திணைக்களத்தில் வேலை. மெதுவாகக் கதைப்பார், நான் எதிரே வந்தால் எழுந்து நிற்பார். எனக்கும் அவருக்கும் அப்போது நேர்ப்பேச்சு அதிகமில்லை. புது மருமகனோடு மாமி கலகலவென்று கதைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. சாப்பாடுதான் நான் அவரோடு கதைக்கும் கதை என்று நினைத்திருந்தேன்.

முதல் நாள் அவர் புரியாணியின் ஓரத்தில் கொஞ்சம் சோறு, கத்தரிக்காய்ப் பொரியல், அவ்வளவுதான் சாப்பிட்டார். இரண்டாம் நாள் பருப்பும் சோறும். மூன்றாம் நாள் நான் குசினிக் கதவின் பின்னால் நின்று பார்த்தேன். என் கணவர் அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் கோழித்தொடை ஒன்றை வைத்தார். மருமகன் சிரித்துக்கொண்டே அதைச் சோற்றால் மெல்ல மூடினார். சாப்பாடு முடிந்து கோப்பை குசினிக்கு வந்தபோது அந்தத் தொடை மூடியபடியே இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பிள்ளைகளுக்குச் சமையல் படிப்பித்தவளின் கைக்குப் பக்குவம் இல்லையா?

அன்று பின்னேரம் மகள் குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"உம்மா, ஒண்டு சொல்லோணும். கோவிக்காதீங்க. அவர் இறைச்சி, மீன், முட்டை, பால் ஒண்டும் சாப்பிடமாட்டார். வீகன்."

"அதென்ன? ஏதும் நோய் வருத்தமா?"

"வருத்தமில்ல உம்மா. கம்பஸ்ல படிக்கக்குள்ள விட்டவராம். ஹறாமெண்டு சொல்லல்ல. பெருநாளைக்குக் குர்பான் குடுப்பார், இறைச்சியப் பங்கு போட்டு வீடு வீடாக் கொண்டுபோயும் குடுப்பார். சாப்பிட மட்டும் அவருக்கு மனம் வருதில்ல."

"இத ஏன் முன்னுக்கே சொல்லல்ல?"

"நீங்க இந்தக் கல்யாணத்துக்கு மாட்டனெண்டு சொல்லிருவீங்களோ எண்டு பயம்" என்றாள் மகள். பிறகு, "அவருக்கும் பயம். மாமி இவ்வளவு பாடுபட்டுச் சமைக்காங்க, எப்பிடிச் சொல்றதெண்டு."

கோபம் வரவில்லை. என் சமையலில் பிழை இல்லை என்ற நிம்மதிதான் வந்தது. சிரித்துவிட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு இராச்சாப்பாட்டு நேரம் வரைக்கும்தான் நின்றது. குசினியில் அன்றைய சமையலைப் பார்த்தேன். சம்பலில் மாசிக் கருவாடு. கீரைச் சுண்டலில் மாசி. பருப்பில்கூட ஒரு கருவாட்டுத் துண்டு. கடற்கரை ஊரில் மீன் இல்லாமல் என்னதான் இருக்கிறது! தினமும் பருப்பையும் கத்தரிக்காயையும் கொடுத்தால் அது விருந்தா?

அடுத்த நாளே கல்முனைக்குப் போய் ஒரு சமையல் புத்தகம் வாங்கினேன். படத்தைப் பார்த்து வாங்கினேன், அதுதான் பிழை. பளபளக்கும் தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். அதில் கேட்ட சாமான்களில் பாதி எங்கள் சந்தையில் யாரும் கேள்விப்படாதவை. பாதாம் பாலில் ஒரு பாயாசம் மட்டும் செய்ய முடிந்தது. மருமகன் ஒரு கிண்ணம் முழுவதும் குடித்தார். மகள் பிறகு வந்து, "உங்களுக்காகக் குடிச்சாரு உம்மா. கசந்ததாம்" என்றாள். பாதாமை நான் அளவுக்கு மிஞ்சி வறுத்துவிட்டேன். எவ்வளவு நேரம் வறுப்பது என்று புத்தகம் சொல்லவில்லை.

இரண்டாவது, தடித்த சைவச் சமையல் புத்தகம். இது சரிவரும் என்று நம்பிக் கொண்டுவந்தேன். மகள் பென்சிலோடு உட்கார்ந்து வெட்டத் தொடங்கினாள். நெய், வெட்டு. தயிர், வெட்டு. பன்னீர், வெட்டு. வெண்ணெய், வெட்டு.

"சைவம் வேற, வீகன் வேற உம்மா" என்றாள். வெட்டுப்படாமல் மிஞ்சியவை எல்லாம் நான் ஏற்கெனவே சமைத்த பருப்பின் சொந்தக்காரர்கள்.

மூன்றாம் முறை நான் ஆசிரியையாகப் போனேன். கடைக்காரரிடம் ஒரு ஸ்டூல் கேட்டேன்.

"டீச்சர், இரிங்க. வாசிச்சுப் பார்த்திட்டே வாங்குங்க" என்று அவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

விடைத்தாள் திருத்துவது போலப் புத்தகங்களைத் திருத்தினேன். முதலில் சாமான்களைப் பார்த்தேன். எங்கள் சந்தையில் கிடைக்காத சாமான் மூன்றாவது பக்கத்துக்குள் வந்தால் மூடி வைத்தேன். 'தேவையான அளவு' என்று எல்லாவற்றுக்கும் போட்டிருந்தால் அதையும் மூடினேன். தேவையான அளவு எனக்குத் தெரிந்தால் நான் ஏன் புத்தகம் வாங்குகிறேன்? கடைசியாக, சமைத்துப் பார்த்தவர் மட்டும் எழுதக்கூடிய ஒரு வசனமாவது இருக்கிறதா என்று தேடினேன்.

அடித்தட்டில் ஒரு மெல்லிய புத்தகம் கிடந்தது. உள்ளே ஒரு படமும் இல்லை. மீனும் பாலும் விட்டவர்களுக்காக மலைநாட்டில் தாதியாக இருந்த ஒருவர் எழுதியது என்று பின்னட்டை சொன்னது. நடுவில் திறந்தேன். 'காளான் தண்ணீர் விடும். பயப்படாதீர்கள். அது வற்றும்வரை அடுப்பைக் குறைக்கவும் வேண்டாம், கிளறவும் வேண்டாம்' என்று இருந்தது. இன்னொரு பக்கத்தில் மாசிக்குப் பதிலாக என்ன செய்வது என்று முழுதாக ஒரு பந்தி. காளானை மெல்லியதாகக் கிழித்து, உப்புத் தடவி, வெயிலில் மொறுமொறுக்கக் காயவைத்து, வறுத்து, மிளகோடு இடிக்கச் சொன்னது. கருகினால் என்ன செய்வது என்றும் எழுதியிருந்தது: 'எறிந்துவிடுங்கள். கருகியதைக் காப்பாற்ற முடியாது.'

கடைக்குள்ளேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். கருகியதைக் கருகியது என்று சொல்கிறவரை நம்பலாம்.

மொட்டைமாடியில் இரண்டு நாள் காளான் காய்ந்தது. மூன்றாம் நாள் காலை இடியப்பத்துக்குத் தேங்காய்ச் சம்பல் இடித்து வைத்தேன். மருமகன் ஒரு விரலால் தொட்டு நக்கிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். பிறகு முதல்முறையாகக் குசினி வாசலுக்கு வந்து நின்றார்.

"மாமி, இதுக்க மாசி போட்டீங்களா?"

"இல்ல மகன். காளான். காயவெச்சு இடிச்ச."

அவர் போய் உட்கார்ந்து இடியப்பத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். எத்தனை இடியப்பம் என்று நான் எண்ணவில்லை, கண்பட்டுவிடும். கோப்பை திரும்பி வந்தபோது அதில் ஒரு தேங்காய்ப்பூக்கூட இல்லை. அன்றிலிருந்து அவர் குசினிக்கு வரத் தொடங்கினார். தேங்காய் திருவுவார், கீரை ஆய்வார், நான் புத்தகத்தை வாசிக்கச் சொன்னால் வானொலிச் செய்தி போல நிறுத்தி நிறுத்தி வாசிப்பார்.

அந்த மாதக் கடைசியில் அவருடைய உம்மாவும் வாப்பாவும் தம்பிமாரும் பாலமுனையிலிருந்து விருந்துக்கு வருவதாக இருந்தது. விருந்தென்றால் எங்களுக்குச் சஹன். பெரிய தட்டு ஒன்றில் சோற்றைக் குவித்து, சுற்றிவர ஐந்தாறு பேர் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவது. அவர் சஹனில் எப்படிச் சாப்பிடுகிறார் என்று கல்யாணத்தன்று நான் கவனித்திருக்கவில்லை. மகள் சொன்னாள்: "இறைச்சி படாத ஒரு மூலையில ரெண்டு பிடி எடுத்திட்டு எழும்பிருவாரு. அவங்கட ஊட்டுலயும் அப்பிடித்தானாம்."

அன்றைக்குச் சஹனில் அவர் கைபோகாத மூலை ஒன்றும் இருக்கக்கூடாது என்று முடிவெடுத்தேன். பிஞ்சுப் பலாக்காய்ப் புரியாணி செய்வது என்று சொன்னதும் என் கணவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"இறைச்சி இல்லாத புரியாணியா? சம்பந்திமாருக்கு முன்னால என்ட மூக்க அறுக்காதீங்க!"

"ருசி பார்த்திட்டுக் கதைங்க" என்றேன்.

புத்தகத்தை அம்மியில் சாய்த்து வைத்துக்கொண்டு சமைத்தேன். தயிரின் கொழுப்பைக் கட்டியான தேங்காய்ப்பால் தரும், புளிப்பைத் தேசிக்காய்ச் சாறு தரும், ஆனால் இரண்டையும் அடுப்பில் ஒன்றாகச் சேர்க்காதே என்று எழுதியிருந்தது. அப்படியே செய்தேன். பலாக்காயை மசாலாவில் ஊறவைத்து, தேங்காய் எண்ணெயில் நன்றாகச் சிவக்க வறுத்தேன். றம்பை இலையும் கறுவாப்பட்டையும் வெடித்த வாசத்துக்கு என் கணவர் குசினிக்கு வந்து ஒரு துண்டை வாயில் போட்டார். கொஞ்ச நேரம் மென்றார். பிறகு இன்னொன்று எடுத்தார்.

"மூக்கு இருக்கா?" என்று கேட்டேன்.

"இரிக்கி, இரிக்கி" என்று மூன்றாவதையும் எடுத்துக்கொண்டு போனார்.

விறாந்தையில் பாய் விரித்துச் சஹன் வைத்தோம். மருமகன், அவருடைய வாப்பா, தம்பிமார் மூவர், என் கணவர். மருமகன் வழக்கம்போல ஓரத்தில் கைவைத்துத் தொடங்கினார். "எல்லாம் உங்கட சாப்பாடுதான் மகன், நடுவால எடுங்க" என்று நான் கதவோரம் நின்று சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கை நடுவுக்குப் போனது. அவருடைய வாப்பா தன் பக்கத்திலிருந்த பெரிய பலாத்துண்டு ஒன்றை எடுத்து மகனின் பக்கம் வைத்தார். மகன் அதை மூடவில்லை, தின்றார்.

என் பக்கத்தில் நின்ற சம்பந்தி, மருமகனின் உம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இவன் வாப்பாவோட ஒரு சஹன்ல வயிறு நிறையத் திண்டத நான் பார்த்து எவ்வளவு காலம் மதினி! நான் பருப்பக் குடுத்துக் குடுத்தே காலத்த ஓட்டிட்டன். வேற என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியல்ல."

"எனக்கும்தான் தெரியா. புத்தகம் பார்த்துத்தான் செஞ்ச."

"எங்க, காட்டுங்க பாப்பம்."

சாப்பாடு முடிந்து ஆண்கள் தொழுகைக்குப் போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் குசினித் தரையில் கால்நீட்டி உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தோம். கருகிய காளான் பந்திக்கு அவளும் சிரித்தாள். போகும்போது அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து மருமகன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். அட்டையில் மஞ்சள் கறை. ஈரப்பலாக்காய்க் கறியின் ஓரத்தில் பென்சிலால், 'உப்பு கூடுதல். பாதி போதும்' என்று சம்பந்தி எழுதியிருந்தாள். நான் அந்தக் கறியைச் செய்து பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. அதன் கீழே சிவப்புப் பேனையால், 'உங்கள் கரண்டி பெரிது, மதினி' என்று எழுதிப் பாலமுனைக்கு அனுப்பிவைத்தேன்.