கடலுக்குப் போட்ட டைம்டேபிள்

என் அக்காவைக் கட்டிக்கொண்டவருக்கு பஸ் டிப்போவில் டைம்டேபிள் போடுகிற வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பி எந்த நிறுத்தத்தை எத்தனை மணிக்குத் தொடவேண்டும் என்று முடிவு செய்வது அவர்தான். பஸ் ஓட்டத் தெரியாது, அது வேறு விஷயம். டிப்போவில் அவருக்கு 'நிமிஷம்' என்று பட்டப்பெயர். சௌக்கியமா என்று கேட்டால்கூட கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். நான் மாமா என்று கூப்பிடுகிறேன், வேறு வழியில்லை.

அவர் உலகத்தில் தாமதம் பெரிய குற்றம் இல்லை. லேட்டாக வருகிற பஸ்ஸை ஜனங்கள் திட்டுவார்கள், திட்டிக்கொண்டே ஏறிவிடுவார்கள். நேரத்துக்கு முன்னால் போய்விட்ட பஸ்ஸை யாரால் பிடிக்க முடியும்? அதனால் சீக்கிரம் வருகிற டிரைவரை மாமா மன்னிக்கவே மாட்டார். இரண்டு நிமிஷம் முந்தினாலும் மெமோ. முந்திவிட்டால் நேரம் ஆகிறவரை நிறுத்தத்திலேயே வண்டியை நிறுத்திவைக்கவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். கேட்டால் நியாயம்தான். நியாயஸ்தனோடு குடும்பம் நடத்திப் பார்த்தால்தான் அதன் வலி தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய மோட்டார்சைக்கிள் வாங்கினார். "ஒன்பது நாள், நாலு நகரம், ஆயிரத்து நூறு கிலோமீட்டர். பாதிக்கு மேல கடலோர ரோடு. நீயும் நானும் மட்டும்" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா அன்றைக்கு சந்தோஷத்தில் அழுதாள். இப்போது கேட்டால் கண்ணில் தூசி விழுந்தது என்பாள்.

அன்று தொடங்கிய திட்டம் சாப்பாட்டு மேஜைக்கு மேலே சுவர் முழுக்கப் படர்ந்தது. கட்டம் போட்ட காகிதம். குறுக்கே நேரம், நெடுக்கே தூரம். டிப்போவில் பஸ்ஸுக்கு வரைகிற அதே சாய்வுக் கோடுகள். துறைமுக நகரத்தில் பழைய சுங்கக் கட்டடத்தைப் பார்த்து வியக்க இருபத்திரண்டு நிமிஷம். கலங்கரை விளக்கத்தில் ஏறி இறங்க முப்பத்தாறு. அதில் நாலு நிமிஷம் அக்காவின் முட்டிவலிக்கு. "என் முட்டிக்கு ஒதுக்கின நேரத்துல என் முகத்தையும் கொஞ்சம் பாக்கலாம்" என்பாள் அக்கா. அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார், கையில் ரப்பரை வைத்துக்கொண்டு எதையாவது அழித்துக்கொண்டிருப்பார்.

எனக்கு டூவீலர் ஒர்க்‌ஷாப். அந்த வண்டியை வருஷம் தவறாமல் நான்தான் சர்வீஸ் செய்கிறேன். ஓடித் தேய்ந்த டயர்களை ஆயிரக்கணக்கில் பார்த்தவன் நான். நின்று நின்றே வெடிப்பு விட்ட டயரை மாமா வண்டியில்தான் பார்த்து மாற்றினேன். ஆனால் சாமான்களுக்குக் குறைவில்லை. பக்கப் பைகள், மழைக்கோட்டு, மூன்று டார்ச், இரண்டு பஞ்சர் பெட்டி, ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொள்ள மைக். அறுக்கமாட்டாதவன் கையில் ஐம்பத்தெட்டு அரிவாளாம்.

ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் கிடைத்தது. ஒரு வருஷம் ஆற்றுப்பாலத்தில் வேலை. ஒரு வருஷம் ஏதோ நகரத்தில் ஒருவழிப்பாதையை மாற்றிவிட்டார்கள், கோடு முழுவதையும் திரும்ப வரையவேண்டும். இன்னொரு வருஷம் மழை வரும் என்றார்கள். வரவில்லை, இவரும் போகவில்லை. அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அசையாதீங்க, அசையாதீங்க என்று நாள் முழுக்க ஊருக்குச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்தால் எட்டு வருஷமாக அசையாத ஒருவர். வருஷா வருஷம் பத்து நாள் லீவு போட்டு, அந்தப் பத்து நாளும் அலமாரி துடைத்தாள்.

இந்த வருஷம் துடைக்கவில்லை. பதினான்காவது தடவையாக வரைந்த காகிதத்தை மாமா ஒட்டி முடித்ததும், "இந்தத் தடவையும் கோடுதான்னா நான் தனியா போயிடுவேன். நீங்க டைம் போட்ட பஸ்லயே ஏறிப் போவேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சொன்னால் செய்கிறவள். இரண்டு பேருக்கு என்று எட்டு வருஷம் பேசிய பயணத்தை ஒருத்தி தனியாக முடித்துவிட்டு வந்தால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தாலும் தனித்தனியாகத்தான் இருப்பார்கள்.

மாமா இரண்டு நாள் யோசித்தார். பிறகு, "ட்ரையல் பாக்காம எந்த ரூட்டையும் திறக்கக்கூடாது" என்றார். ஞாயிற்றுக்கிழமை முதல் கட்டம் மட்டும் போய்ப் பார்ப்பது, கடல் கண்ணில் படுகிற இடம் வரை. அக்கா அவர் பின்னால், துணைக்கு நான் என் ஸ்கூட்டரில். எட்டு வருஷத்துக்கு அறுபது கிலோமீட்டர். ஆமையே இவரைப் பார்த்தால் ஹாரன் அடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரோடு காலியாகக் கிடந்தது. அவர் என்னதான் மெதுவாக உருட்டினாலும் ஒன்பது பதினாலுக்கே கடலுக்குத் திரும்புகிற வளைவுக்கு வந்துவிட்டோம். காகிதத்தில் ஒன்பது நாற்பது. ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு மணல்மேடு, அதைச் சுற்றிப் போகிற பாதையில் இருநூறு அடி போனால் கடல். அலைச் சத்தம் காதில் விழுந்தது. மாமா பஸ் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னாச்சுங்க?" என்றாள் அக்கா.

"இருபத்தாறு நிமிஷம் முன்னாடி வந்துட்டோம்."

"அதுக்கு?"

"நேரமாகட்டும்."

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி என்னைப் பார்த்தாள். நான் ஸ்கூட்டரில் இல்லாத ரிப்பேரைத் தேடிக் குனிந்துகொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்தது. மாமாவின் டிப்போ பஸ். டிரைவர் நிறுத்தத்தைத் தாண்டப் போனவர், பெஞ்சில் இருந்த ஆளைப் பார்த்ததும் பிரேக்கை மிதித்தார். இறங்கி ஓடிவந்து, யாரும் கேட்காமலே ஒப்புக்கொண்டார். "ஏழு நிமிஷம் முந்திட்டேன் சார். ரோட்டுல ஈ காக்கா இல்ல சார். இங்கயே நிறுத்திக்கிறேன் சார்." மடியில் கனத்தோடு மாட்டிக்கொண்டவன் மாதிரி வியர்த்துவிட்டார் மனுஷன். பயணிகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஏழு நிமிஷம் நிற்கும் என்று தெரிந்ததும் பாதிப் பேர் இறங்கி, மணல்மேட்டில் ஏறி, கடலைப் பார்த்துவிட்டு வந்தார்கள். எல்லாரும் பார்த்தாயிற்று, எட்டு வருஷம் திட்டம் போட்டவர் மட்டும் பெஞ்சில்.

அக்கா டிரைவரிடம் கேட்டாள். "சார் இந்த ரூட்டுல உங்ககூட வந்திருக்காரா?"

டிரைவர் மென்று விழுங்கினார். "சார் ஆபீஸ்ல உக்காந்தே போட்டுருவாரும்மா. அப்படியே கரெக்டா இருக்கும்."

பஸ் போனது. அக்கா பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இந்தக் கடலை நீங்க பாத்ததே இல்லையா?"

அவர் குனிந்து செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"இங்க பாருங்க. என் லீவு நாளைக்கு ஆரம்பிக்குது. உங்களுக்கும் லீவு சொல்லியாச்சு, உங்க மேனேஜர்கிட்ட நானே பேசிட்டேன். ரொம்ப சந்தோஷப்பட்டார். ஒன்பது நாளுக்குத் துணி அந்தப் பைல இருக்கு. இங்கேருந்து நான் திரும்பப் போறதில்ல. நீங்க வரீங்களா, இல்லையா?"

வண்டி, ட்ராஃபிக், டயர் என்று எதையாவது இழுப்பார் என்று நினைத்தேன். அவர் கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"பயமா இருக்கு" என்றார்.

"வண்டி ஓட்டவா?"

"அதில்ல. தினம் சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அந்தக் காகிதம் இருக்கு. அதுல எல்லாம் நல்லா இருக்கு. போய்ப் பாத்து, அங்க ஒண்ணும் இல்லன்னா? அப்புறம் எனக்கு என்ன இருக்கு?"

இத்தனை வருஷம் இந்த ஆளைக் கேலி செய்தே பிழைத்தவன் நான். அன்றைக்குப் பாவமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், என்ன இருக்கு என்று கேட்கிறாரே.

அக்கா கையை நீட்டினாள். அவர் சாவியைக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தபோதுதான் அவர் முகம் மாறியது. மூன்று மாதமாக என் கடைக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் நான்தான் அவளுக்கு மோட்டார்சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். முதல் வாரத்தில் அவள் இடித்து என் ஸ்கூட்டர் கண்ணாடி இரண்டும் போனது, அதை யாரிடமும் சொல்லவில்லை. மாமா என்னை முறைத்தார். முறைத்துக்கொண்டே பின்னால் ஏறினார்.

மணல்மேட்டைச் சுற்றி மெதுவாகப் போனோம். மறுபக்கம் கடல். நீர் உள்ளே வாங்கியிருந்தது, கரையெல்லாம் சேறு. கிழிந்த வலை, ஒரு கால் இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் ஒரு காகம். தண்ணீர் டீத்தூள் நிறத்தில் இருந்தது. சகிக்கவில்லை என்று சொன்னால் பொய்யில்லை.

மாமா இறங்கி நின்றார். நன்றாகப் பார்த்தார். அவர் தோள் இறங்கியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். எல்லாம் முடிந்தது, இனி என் ஸ்கூட்டரில் ஏறி வீட்டுக்குத்தான் வரப்போகிறார் என்று நினைத்தேன்.

"இவ்வளவுதானா?" என்றார்.

அக்கா சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது, காலை ஊன்றிக்கொண்டாள். "உங்களை முதல்முதல்ல பாத்தப்ப நானும் இதையேதான் கேட்டேன். எங்கம்மாவைக் கேட்டுப் பாருங்க. ஏறுங்க, அடுத்தது எப்படி இருக்குன்னு பாக்கலாம்."

மாமா ஏறி உட்கார்ந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.