தமிழில் பறயட்டே

ஜூன் மழையில் நனைந்த யூனிஃபார்மின் அந்த ஈர வாசனை... எங்கள் ஒன்பதாம் வகுப்பு என்றாலே எனக்கு அதுதான் முதலில் வருகிறது.

வகுப்புக்கு வெளியே வராந்தாவில் மூன்று பேர் நிற்பார்கள். பொன்முடி எஸ்டேட்டிலிருந்து வந்து, திருவனந்தபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த பிள்ளைகள். சாரல் அடிக்கும்போது புத்தகத்தை வயிற்றோடு அணைத்துக்கொள்வார்கள். அதில் ஒருத்தி செல்வி.

குற்றம் என்ன? பிடிஏ மீட்டிங்குக்கு அவர்கள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அப்பாவோ அம்மாவோ வந்து கையெழுத்துப் போடும்வரை முதல் பீரியட் வெளியேதான்.

அந்தப் பெயர்களை போர்டில் எழுதியது நான். கிளாஸ் லீடர்! ஆரியசாலையிலிருந்து பத்து நிமிடத்தில் நடந்து வந்துவிடும் என் அப்பா, எந்த மீட்டிங்கையும் தவறவிட்டதில்லை.

அந்த வருடம் புதிதாக வந்த ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ஒரு வகுப்பில் வந்து உட்காருவார். பிள்ளைகள் பேச வேண்டும், டீச்சர்கள் கேட்க வேண்டும்.

எங்கள் முறை வந்தது. நான் எழுந்து, குடிதண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று அழகான மலையாளத்தில் சொன்னேன். கைதட்டினார்கள்.

அப்புறம் செல்வி எழுந்தாள். வருடம் முழுக்க வாயே திறக்காத பெண்.

"டீச்சர்... எங்க அப்பா..." என்று தொடங்கியதுமே கிளாஸ் டீச்சர் குறுக்கிட்டார். "மலையாளத்தில் பற செல்வி!"

ஹெட்மிஸ்ட்ரஸ் கையைக் காட்டி நிறுத்தினார். "தமிழில் பறயட்டே. எனிக்கு மனசிலாவும்." தமிழிலேயே சொல்லட்டும், தனக்குப் புரியும் என்று.

செல்வியின் கைகள் டெஸ்க்கை இறுகப் பிடித்திருந்தன.

"எங்க அப்பா அம்மா மதிக்காம வராம இல்ல டீச்சர். காலைல ஒரு பஸ்தான். அதுல வந்தா அன்னைக்கு வேலை போச்சு. அவங்களால வர முடியல, சரி. அதுக்கு எனக்கு ஏன் டீச்சர் பாடம் கெடையாது? முதல் பீரியட் கணக்கு. நான் கணக்கே படிக்கல."



ஹெட்மிஸ்ட்ரஸ் அவள் சொன்னதை நோட்டில் எழுதினார். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டினார். "நீ பறஞ்சது இதுதன்னேயல்லே?" இதுதானே நீ சொன்னது என்று கேட்டார்.

செல்வி தலையாட்டினாள்.

"அப்போ, நம்மள் எந்து செய்யணும்?" என்ன செய்ய வேண்டும் என்று அவளையே கேட்டார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்க ஒரு தடவ மேல வாங்க டீச்சர்."

போனார்கள்! ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸும் கிளாஸ் டீச்சரும், லீடர் என்பதால் கூட நானும். கொண்டை ஊசி வளைவுகளில் கிளாஸ் டீச்சர் மூன்று முறை வாந்தி எடுத்தார். மூன்றாவது முறைக்கு அப்புறம், "பாவம் குட்டிகள்..." என்று பிள்ளைகளை நினைத்துச் சொன்னார்.

எஸ்டேட் பிள்ளைக்காப்பக அறையில் மீட்டிங். சலவைச் சட்டை போட்டு வந்திருந்த செல்வியின் அப்பா, கைகட்டி நின்றபடியே கேட்டார்: "எம் புள்ள கணக்குல எப்படி டீச்சர்?"

கிளாஸ் டீச்சர் தலைகுனிந்தார். "இனி நல்லா வரும்" என்று தமிழில் சொன்னார்.

மறுநாளிலிருந்து வராந்தா காலியாக இருந்தது.

இப்போது என் மகள் படிக்கும் பள்ளியில் எல்லாவற்றுக்கும் ஆப் இருக்கிறது. மாணவர் கருத்துக்கும் ஒரு பக்கம். அவள் எப்போதும் 'ஆல் குட்' என்றே போடுவாள். ஏனென்று கேட்டேன்.

"வேற எழுதினா ஆரு வாசிக்கப் போறா அம்மா?"

போன பிடிஏ மீட்டிங்கில் எழுந்து அதையே கேட்டேன். யாராவது வாசிக்கிறீர்களா என்று. இத்தனை வயதில், சொந்தச் சம்பாத்தியத்தில் நிற்கிற நானே முன்னாலிருந்த நாற்காலியை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பதிமூன்று, பதினாலு வயதில் அந்தப் பெண் எப்படித்தான் நின்றாளோ...